சுவாசச் சாளரம்

நுண்ணிழைச் சவ்வு உயராய்வு நிறுவனத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, மேசைக்கு வந்த கோப்பை யாரும் வந்தபடியே மேலே அனுப்பக் கூடாது. எதையாவது கூட்டி அனுப்ப வேண்டும். எண் இருந்தால் எண்ணைக் கூட்டலாம், இல்லாவிட்டால் ஒரு கமாவையாவது போட வேண்டும். வந்த மாதிரியே போய்விட்டால், இடையில் உட்கார்ந்திருந்த அதிகாரி எதற்கு என்று எவனாவது கேட்டுவிடுவான். அந்தக் கேள்வி கட்டடத்துக்குள் நுழைந்துவிடாமல் காப்பதற்குத்தான் முப்பது வருடங்களாக அத்தனை பேரும் உயிரைக் கொடுத்து உழைத்துவந்தார்கள். இரண்டாவது, ஒருவர் கூட்டியதை இன்னொருவர் குறைக்கக் கூடாது. அடிக்கவும் கூடாது. அது கூட்டியவர் முகத்தில் கரியைப் பூசுவதாகும்.

இஸ்திரிக்காரருக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. பதினாறு வருடமாக அங்கே வேலை பார்க்கிறவர். ஆனால் அவர் கையெழுத்துப் போடுகிற இனம் அல்ல, மெஷின் ஓட்டுகிற இனம். அதனால் அந்த வழக்கங்கள் எல்லாம் மாடியில் பெய்யும் மழை, தன் தலையில் விழாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இஸ்திரிக்காரர் என்பது விஞ்ஞானிகள் வைத்த பட்டப்பெயர். அவர் துணி தேய்ப்பவர் அல்ல. பாலிமரைக் கரைத்து, மெல்லிய ஊசி வழியாகத் தள்ளி, அதில் கடுமையான மின்சாரத்தை ஏற்றினால், அது தலைமுடியில் நூற்றில் ஒரு பங்கு பருமனுள்ள இழையாகப் பறந்துபோய் எதிரே சுற்றும் உருளையில் படியும். படிந்து படிந்து வெள்ளையாக ஒரு சவ்வு உண்டாகும். பார்க்கத் துணி போலத்தான் இருக்கும், நகம் பட்டால் பஞ்சாகப் பிய்ந்து வரும். அதை உறுதியாக்க இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்துச் சூடு கொடுத்து அழுத்த வேண்டும். சூடு சரியாக இருந்தால் இழையும் இழையும் தொட்டுக்கொள்ளும் இடங்கள் மட்டும் ஒட்டிக்கொள்ளும், நடுவில் உள்ள துளைகள் அப்படியே இருக்கும். காற்று போகும், தூசி போகாது. சூடு குறைந்தால் பழையபடி பஞ்சு. மிஞ்சினால் மொத்தமும் உருகி வெறும் பிளாஸ்டிக் தாள். அந்த அழுத்து மெஷினை ஓட்டுவதுதான் அவர் வேலை.

சரியான சூடு எது என்று நாற்பது தடவை போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். நூற்று நாற்பத்தைந்து டிகிரி, லேசான அழுத்தம், மூன்று நிமிடம். இதை அவர் நிறுவனத்துக்காகக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனைவிக்காகக் கண்டுபிடித்தார்.

மனைவி கல் அரைக்கும் ஆலையில் சல்லடைப் பெல்ட்டில் வேலை செய்பவள். எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். மேலே பெரிய இயந்திரம் பாறையைக் கடித்து நொறுக்கும். கீழே இவர்கள் நாற்பது பெண்கள் மாவு பூசிய சிலைகளைப் போல நிற்பார்கள். அவளுக்கு இருமல் பிடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இஸ்திரிக்காரரிடம் சொன்னார்:

"உள்ள போன தூசி போனதுதான், அதை வெளிய எடுக்க முடியாது. இனிமே போகாம பாத்துக்கங்க. இதே மாதிரி இன்னும் ரெண்டு வருஷம் போச்சுன்னா இவங்களால மாடிப்படி ஏற முடியாது."

இஸ்திரிக்காரர் சோதனைக்குப் போட்ட சவ்வில் ஒரு துண்டை வெட்டி முகமூடியாகத் தைத்துக் கொடுத்தார். அவள் ஒரு வாரம் போட்டுக்கொண்டு போனாள். எட்டாம் நாள் காலையில் இருமாமல் பல் தேய்த்தாள். அவர் சமையலறையில் நின்று அந்தச் சத்தமின்மையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

"என்னங்க, இதையே எங்க நாப்பது பேருக்கும் போட்டுக் குடுங்களேன்," என்றாள்.

"ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடறேன்," என்றார் அவர். அந்த ஒரு வார்த்தையில்தான் குடி கெட்டது.

எழுதிக் கொடுத்தார். அரைப் பக்கம். கோப்பு முதலில் பிரிவு அதிகாரியிடம் போனது.

"நூத்து நாப்பத்தஞ்சா? அது என்னய்யா கணக்கு?"

"அந்தச் சூட்டுலதான் சார் சரியா வருது."

"சரியா வருதுங்கிறது உன் வேலை. நான் பாத்தேன்னு இருக்கணும்ல?" என்று நூற்று ஐம்பது ஆக்கினார். அவர் கெட்டவர் அல்ல. மதிய உணவுக்கு நேரமாகிவிட்டது, வேறு எதைக் கூட்டுவது என்று அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்து ஆலோசகர். இரண்டு முறை ஓய்வு பெற்று, இரண்டு முறையும் பிரிவுபசார விழாவில் அழுதுவிட்டு, மறுநாளே அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர். "நான் சேர்ந்த காலத்தில் சூடு என்றால் சூடாக இருக்கும்" என்று ஓரக்குறிப்பு எழுதி நூற்று அறுபது ஆக்கினார். துணை இயக்குநருக்கு ஆலோசகரை ஆகாது. அவர் பத்து கூட்டினால் தான் ஐந்து கூட்டுவதா என்று தானும் பத்து கூட்டினார். நூற்று எழுபது. கையோடு அழுத்தத்தையும் இரண்டு மடங்காக்கினார். அதைக் கூட்ட யாருக்கும் தோன்றாதது அவருக்கு மிகவும் வருத்தமாக இருந்ததாம். கடைசியில் இயக்குநர். இயக்குநர் பத்து கூட்டினால் துணை இயக்குநருக்குச் சமமாகிவிடுவார். எனவே பதினைந்து. நூற்று எண்பத்தைந்து என்று எழுதி, "வளர்ச்சி என்பது மேல்நோக்கியது" என்று கீழே பச்சை மையில் கையெழுத்திட்டார்.

கோப்பு திரும்பி வந்ததும் இஸ்திரிக்காரர் துணை இயக்குநர் அறைக்கு ஓடினார்.

"சார், நூத்து எழுபதைத் தாண்டினா உருகிடும் சார்."

"உருகட்டுமே. ஆறினா மறுபடி இறுகும்ல? இறுகினா பலம்தானே?"

"துளை எல்லாம் மூடிக்கும் சார். காத்துப் போகாது."

"தூசி?"

"தூசியும் போகாதுதான். ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா?" துணை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அன்பாகப் பார்த்தார். அன்பாகப் பார்ப்பதற்கு அவர் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்திருந்தார். "இங்க பாருங்க இஸ்திரி. இதுல நாப்பது டிகிரி கூடியிருக்கு. ஒவ்வொரு டிகிரிக்குப் பின்னாடியும் ஒரு அதிகாரி இருக்கார். குறைக்கச் சொன்னா யாரைக் குறைக்கிறது? பேரைச் சொல்லுங்க, இப்பவே போன் பண்றேன்."

இஸ்திரிக்காரர் கீழே இறங்கிப் போய் நூற்று எண்பத்தைந்தில் தட்டைச் சூடாக்கினார். வெளியே வந்தது பளபளவென்று, கண்ணாடி மாதிரி, தட்டினால் டொக் டொக் என்றது. நூற்று நாற்பத்தைந்தில் அவர் போட்டு வைத்திருந்த சவ்வுச் சுருள் முழுவதும் 'அனுமதியற்ற சூடு' என்று முத்திரை குத்தப்பட்டுக் கழிவுக்கூடைக்குப் போனது.

பரிசோதனைப் பிரிவில் அந்தப் பளபளத்த தாளின் மீது தூசியை ஊதிப் பார்த்தார்கள். நூற்றுக்கு நூறு. ஒரு துகள்கூட நுழையவில்லை. நிறுவன வரலாற்றிலேயே எந்தப் பொருளும் எடுக்காத மதிப்பெண். பரிசோதகர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். படிவத்தில் 'காற்று போகிறதா' என்று இன்னொரு கட்டம் இருந்தது. அது காற்றுப் பிரிவு நிரப்ப வேண்டியது. காற்றுப் பிரிவு இன்னும் தொடங்கப்படவில்லை, பெயர்ப்பலகை மட்டும் வந்திருந்தது. அந்தக் கட்டத்தில் 'நிலுவை' என்று எழுதினார்கள். எழுதிக் கொடுத்த நாளிலிருந்து பதினோராவது மாதத்தில் வெளியீட்டு விழா.

விழாவில் இயக்குநரே முதல் முகமூடியை அணிந்து பேசுவதாக ஏற்பாடு. ஓரத்தில் ரப்பர் வைத்துத் தைத்திருந்தார்கள், இடுக்கு இல்லாமல் கச்சிதமாகப் பொருந்தியது. அதன் மேல் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அவர் தொடங்கினார்.

"இந்த நிறுவனம் தொடங்கியபோது இங்கே ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. இன்று நானூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகள்! இந்த வளர்ச்சியைப் பொறாதவர்கள், இவ்வளவு காலம் நாம் என்ன தயாரித்தோம் என்று கேட்கிறார்கள். நாற்காலி இல்லாமல் எதைத் தயாரிக்க முடியும்? கல் ஆலைப் பெண்கள் நம்மிடம் முகமூடி கேட்டார்களா? கேட்கவில்லை. எப்படி வேண்டும் என்று நாம் அவர்களிடம் கேட்டோமா? நாமும் கேட்கவில்லை. கேட்காமல் கொடுப்பதுதான் கொடை. அவர்களுடைய மூச்சு இனி நம்முடைய பொறுப்பு. நம்மைக் கேட்காமல் ஒரு..."

அதற்கு மேல் வரவில்லை. முகமூடி உள்பக்கமாக ஒட்டி, அதில் அவர் மூக்கும் வாயும் அச்சு எடுத்தது போலத் தெரிந்தன. முகம் சிவந்து, பிறகு நீலமானது. கைகள் ஆடின. "ஐயா உணர்ச்சிவசப்பட்டுட்டார்," என்று துணை இயக்குநர் கை தட்டத் தொடங்கினார். அரங்கம் எழுந்து நின்று தட்டியது. ஆலோசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இயக்குநர் மேசையில் சாய்ந்து, ஒரு விரலை ரப்பருக்குள் விட்டு விளிம்பைத் தூக்கி, மூச்சை இழுத்த சத்தம் ஒலிபெருக்கியில் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அதற்கும் தட்டினார்கள்.

மறுநாள் அவசரக் கூட்டம். சூட்டைக் குறைக்கலாமே என்று ஒரு இளம் விஞ்ஞானி வாயைத் திறந்தாள். அவளைத் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார்கள். குறைக்கும் வழக்கம் இல்லை, எதையாவது கூட்டத்தான் முடியும். எனவே ஒரு ஓட்டையைக் கூட்டினார்கள்.

மூக்குக்கு நேராக ஒரு வட்டம். பெயர், சுவாசச் சாளரம். பிரிவு அதிகாரி சட்டைப் பொத்தான் அளவு என்று எழுதினார். அது மேலே போகப் போக வளர்ந்து, இயக்குநர் கையெழுத்தில் எலுமிச்சம்பழ அளவாக முடிந்தது. மறு ஆய்வு தேவைப்படவில்லை. சவ்வுதான் ஏற்கெனவே நூற்றுக்கு நூறு எடுத்திருக்கிறதே, ஓட்டையில் சவ்வு எங்கே இருக்கிறது, பரிசோதிக்க?

முகமூடிகள் நாட்டிலுள்ள கல் ஆலைகளுக்கெல்லாம் போயின. கட்டாயம் என்று கூடவே ஒரு உத்தரவும் போயிற்று. இஸ்திரிக்காரர் மனைவிக்குத் தைத்துக் கொடுத்திருந்த பழைய முகமூடியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள். அவள் அன்று மாலை வந்து பையிலிருந்து புதியதை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு அதைத் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக அவரைப் பார்த்தாள்.

"எழுதிக் குடுக்கிறேன்னீங்க. இதுதானா?"

"நான் எழுதினது இது இல்ல."

"நாள் பூரா மூக்குல மட்டும் தூசி. முகம் சுத்தமா இருக்கு, பாருங்க." சிரிக்கப் போனவளுக்கு இருமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெகு நேரம் நின்றாள். பதினாறு வருடம் அந்தக் கட்டடத்தின் படிகளில் ஏறி இறங்கிய கால்களை அவர் அப்போது வெறுத்தார்.

அடுத்த நாள் கழிவுக்கூடையைக் கிளறினார். 'அனுமதியற்ற சூடு' அங்கேயேதான் கிடந்தது. கழிவை அகற்றும் கோப்பு இன்னும் கையெழுத்தாகவில்லை. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரியதாக நாற்பது வட்டம் வெட்டினார். ஒரு வாரத்தில் ஆலையில் நாற்பது சாளரங்களுக்கும் வெள்ளையாகக் கதவு முளைத்திருந்தது.

இரண்டு மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு கெட்ட காலம் அறிக்கை வடிவில் வந்தது. நாட்டிலுள்ள எல்லாக் கல் ஆலைகளிலும் முகமூடி வந்த பிறகும் இருமல் குறையவில்லை, இந்த ஒரு ஆலையில் மட்டும் குறைந்திருக்கிறது என்று எங்கோ ஒரு மருத்துவர் எழுதிவிட்டார். இயக்குநருக்கு உச்சி குளிர்ந்தது. துணை இயக்குநர் தலைமையில் ஆய்வுக் குழு கிளம்பியது. குழு ஆலை வாசலில் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டு, நாற்பது முகமூடிகளையும் வரவழைத்துப் பார்த்தது. அங்கேயே முடிவும் எழுதியது:

"சாளரங்களைச் சிலர் அனுமதியற்ற சவ்வினால் அடைத்துள்ளனர். இத்தகைய இடையூறுக்கு நடுவிலும் சுவாசச் சாளரம் இவ்வளவு சிறப்பாகச் செயல்பட்டிருப்பது வியப்புக்குரியது. இடையூறு நீக்கப்பட்டால் பலன் பன்மடங்காகும்."

நாற்பது வட்டங்களையும் காருக்குள்ளேயே உரித்தார்கள். மூன்றாம் நாள் காலையில் இஸ்திரிக்காரர் பல் தேய்க்கும் இடத்திலிருந்து அந்த இருமல் சத்தத்தை மறுபடி கேட்டார். இந்தத் தடவை பால் பொங்கவில்லை. அவர் அடுப்பே மூட்டவில்லை.

கழிவைக் களவாடிய குற்றத்துக்காக அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. விளக்கத்தை அறிக்கைக் கோப்பிலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. பிரிவு அதிகாரி கோப்பை அவர் முன்னால் நகர்த்தினார்.

"தப்புப் பண்ணிட்டேன்னு எழுதி, கையெழுத்தைப் போடு. அப்படியே மேல போயிடும்."

"அப்ப நானும் இதுல கையெழுத்துப் போடறவனா சார்?"

"ஆமாய்யா. இந்த ஒரு தடவைக்கு."

"அப்ப வழக்கப்படி நானும் ஏதாவது கூட்டணும்ல சார்?"

பிரிவு அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மதிய உணவு நேரம். "என்னத்தையோ கூட்டு. சீக்கிரம்," என்றார்.

இஸ்திரிக்காரர் பதினாறு வருடமாக அந்தக் கட்டடத்தின் தமிழைக் கேட்டுக்கொண்டிருந்தவர். திணறாமல் எழுதினார்: "தவறு செய்துவிட்டேன். மேலும், பலனை நேரில் உறுதிசெய்யும் பொருட்டு, இக்கோப்பில் கையொப்பமிடுவோர் அனைவரும் மேற்படி முகமூடியை அணிந்து, மேற்படி ஆலையின் அரவை இயந்திரத்தின் அருகில் நின்று ஒரு (1) மணி நேரம் கள ஆய்வு மேற்கொள்ளுதல் வேண்டும்."

அந்தக் கட்டடத்தில் யாரும் கோப்பைப் படிப்பதில்லை. எண் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். பிரிவு அதிகாரி ஒன்றைப் பார்த்தார், இரண்டாக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். ஆலோசகர் "எங்கள் காலத்தில் இதெல்லாம் போதாது" என்று நான்காக்கினார். அவர் இரண்டு கூட்டியிருக்கிறாரே என்று துணை இயக்குநர் தானும் இரண்டு கூட்டி ஆறாக்கினார். இயக்குநர் அன்று மூன்று விழாக்களுக்குப் போக வேண்டியிருந்த அவசரத்தில் எட்டாக்கி, பச்சை மையில் கையெழுத்திட்டார்.

உத்தரவு அச்சாகி வந்த பிறகுதான் படித்தார்கள். மாடியில் அன்று கத்தாதவர் இல்லை. ஆனால் அடிக்க முடியாது. குறைக்க முடியாது. ஒருவர் எண்ணை இன்னொருவர் தொட்டால் முப்பது வருட நிறுவனம் சரிந்துவிடும். கூட்ட வேண்டுமானால் கூட்டலாம். இந்த ஒரு முறை யாரும் கூட்ட முன்வரவில்லை.

குறித்த நாளில் காலை எட்டு மணிக்கு நான்கு அதிகாரிகளும், கையெழுத்திட்ட குற்றத்துக்காக இஸ்திரிக்காரரும், சல்லடைப் பெல்ட்டுக்கு மேலே அரவை இயந்திரத்தின் வாய்க்கு அருகில் நின்றார்கள். எல்லார் முகத்திலும் பளபளக்கும் முகமூடி, நடுவில் எலுமிச்சம்பழச் சாளரம். இயந்திரம் ஓடத் தொடங்கியது. பெண்கள் வேலையில் இறங்கினார்கள், ஒருத்தியும் இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை.

முதல் மணி நேரத்தில் பிரிவு அதிகாரி தும்மினார். இரண்டாம் மணி நேரத்தில் ஆலோசகர் மூன்றாவது முறையாக ஓய்வு பெறுவதாக அறிவித்தார். இயந்திரச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. மூன்றாம் மணி நேரத்தில் நான்கு பேரும் ஒரே நிறமானார்கள், பதவி வித்தியாசம் தெரியவில்லை. நான்காம் மணி நேரத்தின் முடிவில் இயக்குநருக்கு இருமல் பிடித்தது. தூணைப் பிடித்துக்கொண்டு இருமினார். பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு, சல்லடை அடைத்துக்கொண்டதைச் சொல்ல மேலே ஏறி வந்த இஸ்திரிக்காரரின் மனைவியும் இருமிக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே இருமல்தான் என்பது இயக்குநருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அந்தப் பழைய சூடு," என்று மூச்சு வாங்கினார். "எவ்வளவு அது?"

"நூத்து நாப்பத்தஞ்சு சார்," என்றார் இஸ்திரிக்காரர்.

"போட எவ்வளவு நேரமாகும்?"

"மூணு நிமிஷம். கையெழுத்து வாங்கத்தான் சார் பதினோரு மாசம்."

இயக்குநர் வருகைத்தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் நூற்று நாற்பத்தைந்து என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார். நடுவில் நின்றது துணை இயக்குநர். காகிதம் என்று ஒன்று கடந்து போவதைப் பார்த்ததும் அவர் கை தானாக நீண்டு அதை வாங்கிக்கொண்டது. எண்ணைப் பார்த்தார். கண்ணில் தூசி, வாயில் தூசி, ஆனாலும் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

அந்தப் பேனாவை ஒரு கை பிடுங்கியது. இஸ்திரிக்காரரின் மனைவி. பிடுங்கிய வேகத்திலேயே அதை இயந்திரத்தின் வாய்க்குள் எறிந்தாள். பாறைகளோடு பாறையாக அது உள்ளே போயிற்று.

"அது என் பேனா!" என்று அலறினார் துணை இயக்குநர்.

"கீழ சல்லடைக்கு வரும் சார். நின்னு பொறுக்கிக்கங்க," என்றாள் அவள். "இன்னும் நாலு மணி நேரம் இருக்குல்ல."

சொல்லி முடித்துவிட்டு மறுபடி இருமினாள். இஸ்திரிக்காரர் காகிதத்தைத் துணை இயக்குநரின் விரல்களிலிருந்து உருவி, மடித்து, சட்டைப்பைக்குள் வைத்தார். பாக்கி நான்கு மணி நேரத்தை மேலதிகாரிகளுக்கே விட்டுவிட்டுப் பஸ் பிடிக்க ஓடினார். தட்டு சூடாகவே இருபது நிமிடம் ஆகும்.